இறக்கத்தில் விழுந்த முள்

எங்கள் பக்கத்தில் வண்டியில் கரண்டு இருக்கிறதா என்று உரசித்தான் பார்ப்பார்கள். பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து வண்டியின் இரும்பில் லேசாக ஒரு தட்டு. பொறி நீலமாகப் பறந்தால் நல்ல கரண்டு. மஞ்சளாகப் பறந்தால் சவலைக் கரண்டு. பறக்கவே இல்லையென்றால் செத்த கரண்டு. பிளக் ஒயரில் கரண்டு வருகிறதா என்று பார்க்க இன்னும் சுருக்கமான வழி ஒன்று வைத்திருந்தார்கள். பட்டறைக்குப் புதிதாக வந்தவனைக் கூப்பிட்டு, "மாப்ள, இதக் கொஞ்சம் பிடி" என்பார்கள். அவன் துள்ளினால் கரண்டு வருகிறது. அந்தத் துள்ளலைப் பார்க்கவென்றே எதிர் டீக்கடையிலிருந்து கிளாசும் கையுமாக ஆள் வந்து நிற்கும். என்னையும் பிடிக்க வைத்தார்கள். கை மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவனிடம் ஒருவர் வந்து, "ஒனக்குச் சொரண இருக்கான்னு பாத்தோம்ப்பா. இருக்கு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். ஆளைக் குத்திவிட்டு ஆறுதலும் சொல்லும் அந்த வாயை நான் ஆயுசுக்கும் ரசித்திருக்கிறேன். பயந்தும் இருக்கிறேன்.

எழுபதுகளில் பழனிசெட்டிபட்டியில் கம்பம் ரோட்டோரம் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பேட்டரிக்கு சார்ஜ் போடுவது, டைனமோ பார்ப்பது, லைட்டு ஹாரன் சரிசெய்வது, இதுதான் தொழில். போடியில் ரேடியோ ரிப்பேர் பார்த்துவந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தன் மல்டிமீட்டரை என்னிடம் கொடுத்தார். கறுப்புப் பெட்டி, கண்ணாடிக்குள் ஒரு முள், எதை அளப்பது என்று திருப்பி வைக்க ஒரு திருகு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள். கொடுக்கும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கேட்டதுக்கு மட்டும்தாங்க இது பதில் சொல்லும். தப்பாக் கேட்டா செத்துப் போகும்."

முதல் நாளே தப்பாகக் கேட்டேன். ஆம்பியர் பார்க்கும் இடத்தில் திருகை வைத்துக்கொண்டு, பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒயரை வைத்துவிட்டேன். முள் ஒரே அடியாக ஓரத்தில் போய் மோதியது. உள்ளேயிருந்து கருகல் வாடை. திறந்து பார்த்தால் தலைமுடி போன்ற ஒரு கம்பி வெந்து கிடந்தது. அதற்கு வேறு கம்பி கட்டி உயிர் வரவைப்பதற்குள் மீட்டருக்குள் எது எங்கே இருக்கிறது என்று பாதி படித்துவிட்டேன். எனக்கு வாத்தியார் என்று யாரும் இல்லை. கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

புதிதாக மீட்டர் பிடிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். திருகை முதலில் வோல்ட்டில் வை, அதுவும் நீ எதிர்பார்ப்பதற்கு மேலான அளவில் வை. கறுப்பு ஒயர் பேட்டரியின் கழித்தல் முனையில் இருக்கட்டும். சிவப்பை எங்கே வைக்கிறாயோ அதுதான் உன் கேள்வி. வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரி பன்னிரண்டரை காட்ட வேண்டும். செல்ஃப் அடித்து இஞ்சினைக் கிளப்பும்போது முள் இறங்கும், ஆனால் பத்துக்குக் கீழே போகக் கூடாது. இஞ்சின் ஓடும்போது பதினாலுக்கு ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் டைனமோ தூங்குகிறது, அல்லது மூளை தூங்குகிறது. மூளை என்று டிரைவர்கள் சொன்னது, பானெட்டுக்குள் சுவரோடு ஒட்டியிருக்கும் கட்-அவுட் பெட்டியை. டைனமோவிலிருந்து பேட்டரிக்கு எவ்வளவு விடலாம், எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்வது அதுதான். இப்போது வண்டிக்குள் கம்ப்யூட்டரே வைத்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் வண்டிகளுக்கு இருந்த மூளை அந்தப் பெட்டி மட்டும்தான். அதையும் சிலர் ஸ்குரூடிரைவரால் உரசிப் பார்த்துக் கொன்றார்கள்.

சொல்ல வந்தது ஒரு ஜீப்பைப் பற்றி.

ஜீப்பின் சொந்தக்காரர் போடியில் ஏலக்காய் வியாபாரி. மலைக்கு மேலே எஸ்டேட்டும் இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் நாலு ஏலக்காய் கிடக்கும், ஒன்றை எடுத்து மென்றுகொண்டேதான் பேசுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரை என்ன செய்வதென்றாலும், "நான் ஒண்ணும் சொல்லல" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு தடவை அவர் குடோனில் காய் பொறுக்கும் பெண் ஒருத்தி, பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். "நான் ஒண்ணும் சொல்லல ஆத்தா. தாராளமாப் போயிட்டு வா. வரும்போது ஒன் எடத்துல வேற யாராச்சும் ஒக்காந்திருந்தா கோவிச்சுக்கிறாத" என்றார். அவள் போகாமல் திரும்பி உட்கார்ந்து பொறுக்கினாள். பக்கத்தில் நான் குடோன் லைட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜீப் காலையில் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுக்குப் போகும், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வரும். டிரைவர் தேனிக்கும் போடிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர்க்காரர். என்னைவிட இளையவர், அண்ணே என்பார். ஜீப்பைத் தன் வீட்டு வாசலில்தான் நிறுத்துவார். விடிந்ததும் சுற்றுப்பட்டு ஊர்களில் ஆள் ஏற்றி, போடி குடோனுக்கு வந்தால் முதலாளி பெட்ரோல் ஊற்றுவார். அவரே கேனில் அளந்து ஊற்றுவார். டாங்கு மூடிக்குப் பூட்டு. சாவி அவர் அரைஞாணில்.

ஆரம்பத்தில் மேலே போய்க் கீழே வரப் போதுமான அளவு ஊற்றினாராம். பிறகு கேனில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பத்தவில்லை என்று டிரைவர் சொன்னதற்கு, "இதே பெட்ரோல்ல எத்தன ஜீப்பு போயிட்டு வருது. நான் ஒண்ணும் சொல்லல. நீயே விசாரிச்சுப் பாரு" என்றார். ஒரு நாள் வண்டி பாதி மலையில் நின்று, ஆட்கள் நடந்து இறங்கினார்கள். அதன் பிறகு டிரைவர் விசாரித்தார். அங்கே ஜீப் ஓட்டுபவர்களிலேயே மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இது: "மெட்டுல சாவிய அணைச்சேன்னா முந்தல் டீக்கடையிலதாண்டா மறுபடி தொறப்பேன்." முந்தல் என்பது மலையடிவாரம். அதாவது, மேலே உச்சியில் இஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் போட்டால், மலையே வண்டியை உருட்டிக்கொண்டு வந்து கீழே விட்டுவிடும். வளைவு முழுக்க பிரேக்கை நம்பித்தான். அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் அத்தனை ஜீப்பும் செய்தது. அத்தனை முதலாளிகளும் அதற்கேற்றபடிதான் அளந்து ஊற்றினார்கள்.

மழைக்காலம் வந்தது. மெட்டில் சாயங்காலத்துக்கு முன்பே மூடுபனி இறங்கிவிடும், லைட்டைப் போடாமல் ஒரு வளைவும் திரும்ப முடியாது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் டிரைவரின் ஜீப் காலையில் செல்ஃப் எடுக்காமல் முரண்டு பிடித்தது. மற்ற டிரைவர்கள் போடியில் மலைப்பக்கத் தெருக்காரர்கள். மேட்டில் நிறுத்திவிட்டுப் போய், காலையில் உருட்டிவிட்டு கியரைப் போட்டால் இஞ்சின் எடுத்துக்கொள்ளும். அவர்கள் வண்டியில் பேட்டரி செத்திருந்தாலும் வெளியே தெரியாது. இவர் ஊர் தட்டைத் தரை. முன்னால் ஹேண்டில் சொருகிச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தார். ஒரு நாள் ஹேண்டில் எதிர்த்து அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஏறவந்த கூலி ஆட்களே தள்ளவேண்டியதாயிற்று. கூட்டத்தில் வயதான பெண் ஒருத்தி, வாய்க்காரி. "எஸ்டேட்டுல களை எடுக்கவும் நாங்கதான், ஜீப்ப இழுக்கவும் நாங்கதானா. எங்களுக்கு லாடம் அடிச்சிருய்யா" என்பாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே தள்ளுவார்களாம்.

தள்ளுகிற பேச்சு போடிக்குப் போய்ச் சேர்ந்தது. டிரைவரின் மச்சினன், பெண்சாதியின் தம்பி, கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட்டுப் போடுகிறவன். அன்றைக்கு மைக்செட்டு ஓடுவதே கார் பேட்டரியில்தான். பிறகென்ன, யாரோ இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். ராத்திரியில் பேட்டரி ஜீப்பிலிருந்து இறங்கி மைக்செட்டுக்குப் போகிறது, விடியும்போது வெறும் கூடாகத் திரும்புகிறது என்று. போடி ஜீப் ஸ்டாண்டில் டிரைவரைப் பார்த்து, "என்ன மாப்ள, நேத்து எந்த ஊருல கச்சேரி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, பேட்டரி மகள் என்று கூப்பிட்டார்களாம். இதை அவரே என்னிடம் சொன்னார். "வேல போனாலும் வேற பாத்துக்கிரலாம்ணே. களவாணின்னு பேரு வந்துட்டா எந்த மொதலாளியும் சாவியக் கையில தரமாட்டாக. எனக்கு ஸ்டேரிங்கத் தவிர வேற ஒண்ணும் தெரியாது" என்றார்.

ஒரு நாள் முதலாளியே முன் சீட்டில் உட்கார்ந்து ஜீப்பை என் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். டிரைவரின் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"ஏப்பா மீட்டரு," என்றார் முதலாளி. "இவன் பேட்டரிய வாடகைக்கு விடுறான்னு ஊரே பேசுது. நான் ஒண்ணும் சொல்லல. ஒன் பெட்டி என்ன சொல்லுதுன்னு பாரு."

பார்த்தேன். முதலில் பேட்டரியை சார்ஜில் போட்டு நிரப்பி, ஆறவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டேன். நிற்கும்போது பன்னிரண்டரை. செல்ஃப் அடித்தபோது பத்துக்கு மேலேயே நின்றது. இஞ்சினை உறுமவிட்டால் பதினாலு. பேட்டரிக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவில் எர்த் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், முள் அசையவில்லை, அசைந்தால்தான் கோளாறு. சாவியை அணைத்துவிட்டு, பேட்டரி முனையைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்து, எங்காவது கரண்டு கசிகிறதா என்றும் பார்த்தேன். கசியவில்லை. மூளை நன்றாக இருந்தது. டைனமோ நன்றாக இருந்தது.

"அப்ப வண்டியில கோளாறு இல்ல" என்றார்.

"இல்லைங்க மொதலாளி."

"பேட்டரியில?"

"கொஞ்சம் வயசாயிருச்சு. கோளாறுன்னு சொல்ல முடியாது."

"அப்ப கரண்டு எந்திரிச்சு நடந்து போயிருச்சாக்கும்." டிரைவர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா? பெட்டி சொல்லுது. நான் ஒண்ணும் சொல்லல."

டிரைவர் ஜீப்பின் மட்கார்டைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். வண்டி எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதே அவருக்கு வினையாகிவிட்டது.

நான் சொன்னேன்: "மொதலாளி, இங்கன நிக்கிற வண்டியத்தான் பாத்திருக்கோம். மலையில ஓடுற வண்டியப் பாக்கல. ஒருக்கா நான் கூடவே வந்து பாத்துட்டா முடிஞ்சுபோகும்."

அவர் ஒரு ஏலக்காயை வாயில் போட்டார். "வாயேன். நாளைக்கு நானும் எஸ்டேட்டுக்குத்தான் போறேன்."

அவர் எதிரே டீக்கடைக்குப் போனதும் டிரைவர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, அவுகளும் வாராகளே. எறக்கத்துல நான் என்ன செய்ய? இஞ்சின ஓடவிட்டா பெட்ரோல் பாதியில நின்னுரும். அணைச்சா அவுக பாத்துருவாகளே."

"அளந்து ஊத்துறவருக்குத் தெரியாதா? எப்பயும்போல ஓட்டுங்க."

"தெரியும்ங்கிறீகளா?"

"தெரியாம எப்படிக் குறைப்பாரு?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது.

மறுநாள் காலையில் குடோனில் முதலாளி பெட்ரோல் ஊற்றினார். அதே கேன், அதே அளவு, ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. பேட்டரியிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து மீட்டரை என் மடியில் வைத்துக்கொண்டேன். நான் நடுவில், கியர் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால். வலது பக்கம் டிரைவர், இடது பக்கம் முதலாளி. பின்னால் கூலி ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னய்யா, ஜீப்புக்குக் காச்சல் பாக்குறீகளா?" வாய்க்காரிதான்.

"ஆமாத்தா."

"எனக்கும் ஒருக்கா வச்சுப் பாருங்க. நேத்துலருந்து ஒடம்பு அனலாக் கொதிக்குது. ஆனா ஏறித்தான் ஆகணும், எனக்கு யாரு பெட்ரோல் ஊத்துறா."

முதலாளியும் சிரித்தார். ஏற்றத்தில் இஞ்சின் இரைந்துகொண்டே ஏறியது. முள் பதினாலில் ஆணி அடித்தாற்போல நின்றது.

சாயங்காலம் மெட்டைத் தாண்டும்போது பனி சாலையின் ஓரத்தைத் தின்றிருந்தது. டிரைவர் லைட்டைப் போட்டார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு அந்தப் பக்கம் முதலாளியைப் பார்த்தார். அவர் வெளியே பள்ளத்தைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் அடங்கியது.

டயர் ஈரத்தில் உரசுகிற சத்தம் மட்டும்தான். பின்னால் ஒரு குழந்தைக்காரி பிள்ளையை இறுக்கிக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது.

முள் பதினாலிலிருந்து விழுந்தது. பன்னிரண்டுக்கு வந்து, அதற்கும் கீழே நகர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரன் அடிக்க, ஒவ்வொரு ஹாரனுக்கும் முள் குனிந்து எழுந்தது. எழுந்தபோது முன்பு நின்ற இடத்துக்கு வரவில்லை. பிரேக் சூடேறித் தீய்ந்த வாடை வந்தது. முக்கால் மலை இறங்கியபோது பதினொன்றை ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஏன் விழுது?" என்றார் முதலாளி. அவர் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இஞ்சின் ஓடலைங்க, அதனால டைனமோ சுத்தல. லைட்டும் ஹாரனும் பேட்டரியத் தின்னுக்கிட்டே வருது. கீழ போனா, பெட்ரோல மிச்சம் பிடிக்க ஊர் ஊரா அணைச்சு அணைச்சு செல்ஃப் அடிக்கணும். வீடு போய்ச் சேரும்போது பேட்டரியில மிச்சம் இருக்காது. யாரும் கழட்டிட்டுப் போகலைங்க மொதலாளி. இந்த எறக்கம்தான் எடுத்துக்கிட்டுப் போகுது."

டிரைவர் நீளமாக மூச்சு விட்டார். ஒரு கையை ஸ்டேரிங்கிலிருந்து எடுத்து, சுற்றியிருந்த துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெட்ரோல் பத்தலைன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல மொதலாளி" என்றார். மிச்சமிருந்த வளைவுகளை அவர் திருப்பியதே வேறு மாதிரி இருந்தது. பின்னால் திரும்பி, "ஆத்தா, நாளைக்கு நீ தள்ளவேணாம்" என்றுகூடச் சொன்னார்.

முதலாளி இன்னொரு ஏலக்காயை வாயில் போட்டார்.

முந்தல் டீக்கடையில் வழக்கம்போல நாலைந்து ஜீப் நின்றது. டிரைவர்கள் பெஞ்சில் இருந்தார்கள். மூத்த டிரைவரும் இருந்தார். அவர் வண்டி அன்றைக்குப் பட்டறையில், வேறு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். முதலாளி இறங்கி நேராக அவர்களிடம் போனார்.

"ஏப்பா, ஒரு சந்தேகம். நீங்கள்லாம் எறக்கத்துல இஞ்சின அணைச்சுட்டா வாறீக?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூத்தவர் எழுந்து துண்டை இடுப்புக்கு இறக்கினார். "எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கு மொதலாளி. இத்தன சனத்த வச்சுக்கிட்டு அப்படிச் செய்வமா."

"செய்ய மாட்டோம்ங்க" என்றார் அடுத்தவர். அதற்கடுத்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எங்கள் டிரைவர் சிரித்துவிட்டார். விளையாடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். "அண்ணே, சும்மா இருங்க. நீங்கதான எனக்குக் காட்டிக் குடுத்தீக."

"ஏலே, எம்பேர இழுக்காத" என்றார் மூத்தவர். குரலில் விளையாட்டு இல்லை.

சிரிப்பு நின்றது. டிரைவர் முதலாளியிடம் திரும்பினார். "பெட்ரோல் நீங்க ஊத்துறதுதான மொதலாளி. ஓடவிட்டா பத்தாதுல்ல."

"அணைச்சுட்டு வான்னு நான் சொன்னேனா?"

டிரைவர் வாயைத் திறந்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. என்னைக்காவது என் வாயால சொல்லியிருக்கனா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் என்னால் மறக்க முடியாதது. நெற்றியைச் சுருக்கி, போன நாட்களில் எல்லாம் தேடினார். "சொல்லல" என்றார்.

ஜீப்பின் பின்னாலிருந்து வாய்க்காரி தலையை நீட்டினாள். "எல்லா வண்டியும் ஊமையாத்தான மொதலாளி எறங்குது. எங்கன குதிக்கிறதுன்னு பாத்துக்கிட்டேதான நாங்க தெனமும் வாறோம்."

"ஆத்தா," என்றார் முதலாளி, "நாளையிலருந்து நடந்தே வந்துர்றியா? நான் ஒண்ணும் சொல்லல, கேக்குறேன்."

தலை உள்ளே போய்விட்டது.

"களவாணின்னு நெனச்சேன்" என்றார் முதலாளி, பெஞ்சைப் பார்த்து. "தப்பு. களவாணியா இருந்தா பேட்டரியோட போயிருக்கும். இவன் இத்தன பேரு உசுரோட வெளையாடியிருக்கான்." கையை நீட்டினார். "சாவி."

"மொதலாளி, அவரு எடுக்கலைன்னு காட்டத்தான் நான் வந்தேன்" என்றேன்.

"காட்டிட்டில்ல? நல்லாத்தான் காட்டுன. ஒன் வேல முடிஞ்சுச்சு."

டிரைவர் வீங்கிய கையால்தான் சாவியைக் கொடுத்தார். பழக்கம், வலது கை. முதலாளி அதை வாங்கி மூத்தவரிடம் நீட்டினார். "போடி வரைக்கும் ஓட்டிட்டு வாறியாப்பா?" மூத்தவர் வாங்கிக்கொண்டார். எங்கள் டிரைவர் கூலி ஆட்களோடு பின்னால் ஏறப் போனார். "அங்கன இருக்குறவுகளுக்கே எடம் பத்தல" என்றார் முதலாளி. டிரைவர் தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

நான் பழையபடி நடுவில் உட்கார்ந்தேன். ஒயரைக் கழற்றவில்லை. முந்தலிலிருந்து போடிக்குச் சாலை சரிவாகவே போகும், மலை அளவுக்கு இல்லை, ஆனாலும் சரிவுதான். ஜீப் கிளம்பியது. முள் பதினாலுக்கு ஏறியது. கடை கண்ணுக்கு மறைந்தது. மூத்தவர் கை சாவிக்குப் போயிற்று. இஞ்சின் அடங்கியது. முள் விழுந்தது.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவரும் முள்ளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து, மூத்தவருக்கு நீட்டினார்.

"வச்சுக்க."

வண்டி சத்தமில்லாமல் உருண்டுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் டிரைவருக்கு எந்த மலை ஜீப்பும் கிடைக்கவில்லை. களவாணி என்று யாரும் சொல்லவில்லை, அது உண்மை. முதலாளியிடம் பெட்ரோல் கணக்கைப் பேசியவன் என்று சொன்னார்கள். ஒவ்வொரு குடோனிலும் போய் நின்றார். ஒவ்வொரு குடோனிலும் அளக்கிற கேன் ஒன்று இருந்தது. ஸ்டாண்டில் அவருக்கு நியூட்ரல் என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்கள் அத்தனை பேரும் அன்று சாயங்காலமும் சாவியை அணைத்துக்கொண்டுதான் மெட்டிலிருந்து இறங்கினார்கள்.

கடைசியில் மச்சினன் கூடவே மைக்செட்டு வேலைக்குப் போனார். குழாய் ஸ்பீக்கர் கட்டுவதற்கும், பேட்டரி தூக்குவதற்கும்.

மழைக்காலம் முடியும் முன்பே ஒரு மத்தியானம் தோளில் துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தார். சார்ஜ் போட வேண்டுமாம், சாயங்காலம் ஒரு ஊரில் காதுகுத்து. இறக்கி வைக்கக் கை கொடுத்தேன். மீட்டரை எடுத்துவந்து வைத்துப் பார்த்தால் பதினொன்றுக்கும் கீழே கிடந்தது. அவர் குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. அதே ஜீப். ஓட்டிவந்தவர் மூத்த டிரைவர். முதலாளி அவரை நிரந்தரமாகவே வைத்துக்கொண்டுவிட்டார். பெரிய பேட்டரி ஒன்று வாங்கி வந்திருந்தார்கள், அதை மாட்ட வேண்டும்.

முதலாளி இறங்கி எங்கள் டிரைவரைப் பார்த்தார். தரையில் இருந்த பேட்டரியைப் பார்த்தார். "மைக்செட்டுப் பேட்டரியா?" என்றார்.

"ஆமாங்க. மச்சினனோடது."

முதலாளி மூத்த டிரைவர் பக்கம் திரும்பினார். எதுவும் விளக்கவில்லை, தாடையை மட்டும் பேட்டரிப் பக்கம் அசைத்தார். மூத்தவர், "அட" என்று இழுத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றார் முதலாளி.

எங்கள் டிரைவர் என்னைப் பார்த்தார். "அண்ணே, இது எங்க பேட்டரிதான்னு ஒங்க மீட்டர்ல தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

முதலாளிக்கு அவசரம். ஜீப்பின் பழைய பேட்டரியைக் கழற்றி, புதியதை வைத்து முனைகளை முறுக்கினேன். சிவப்பு ஒயரை வைத்தேன், கறுப்பை வைத்தேன். பன்னிரண்டரைக்கும் மேலே காட்டியது, புதுசு அல்லவா. முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எறக்கம் முழுக்கத் தாங்கும்ல?"

"தாங்கும் மொதலாளி."

எங்கள் டிரைவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். துண்டை மறுபடி சுருட்டித் தோளில் வைத்தார். சார்ஜ் போடாமலே பேட்டரியைத் தூக்கி வைத்துக்கொண்டு, தேனிப் பக்கமாக நடந்தார்.